மூன்று தட்டு, ஒரு தகடு

மூன்றாம் பிரிவு லயம்,
லுக்குட் அருகில்.
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ரோகினி அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும், குறிப்பாகப் போலீஸ் பயிற்சியில் இருக்கும் ரோகினி நல்லசாமி என்பவருக்கும் அறிவிப்பது யாதெனில்: உன் ஒரே தம்பி சசிதரனின் மேலுதட்டில், இடது ஓரத்தில், எட்டாவது முடி முளைத்துவிட்டது. தாயும் சேயும் நலம். நேரில் வந்து பார்க்க விரும்புவோர் கூட்டமாக வர வேண்டாம், வெட்கப்பட்டு உள்ளே போய்விடும். மாலைகள் ஏற்றுக்கொள்ளப்படும். மலர்வளையம் வேண்டாம்.

இப்போது முக்கியம் இல்லாத செய்திகள். இங்கே எல்லாரும் நலம். நீ ஓடிய ஓட்டத்தில் காலில் கொப்புளம் என்று சொன்னதிலிருந்து அம்மா உன் காலைப் பற்றியே பேசுகிறார். போன் உனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தருகிறார்கள். அந்தப் பத்து நிமிடமும் அம்மா அதைக் கற்பூரத் தட்டுப் பிடிப்பது மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். நாங்கள் சுற்றி நின்று தொட்டுக் கும்பிட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதனால்தான் கடிதம். என் கையெழுத்தைப் பார்த்து உன் பயிற்சி அதிகாரி இது ரகசிய மொழி என்று நினைத்தால் நான் பொறுப்பில்லை.

வண்டி வாங்கியாச்சு என்று அம்மா உன்னிடம் சொன்னார். அது எப்படிப்பட்ட வண்டி என்று சொல்லவில்லை. லாரி மாதிரி முகம், முதுகில் ஒரு வீடு. ஜப்பான்காரன் செய்தது, உன்னைவிட வயதில் மூத்தது. உள்ளே கட்டில் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, கை கழுவத் தொட்டி இருக்கிறது, கதவு சாத்தாத ஒரு கக்கூசும் இருக்கிறது. ஊரில் மோட்டார்ஹோம் என்கிறார்கள். அப்பா வண்டிவீடு என்கிறார். செம்பனை எண்ணெய் மில்லுக்கும் தோட்டத்துக் காட்டுக்கும் நடுவே டிராக்டர் ஓட்டியே தலை நரைத்தவர். மூன்றாவது கியருக்கு மேல் என்ன இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. செண்டாயான் பக்கம் வீடுகள் கட்டத் தோட்டத்தை விற்றபோது கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த கடைசிப் பணத்தில் வேறு யாராவது நிலம் வாங்குவார்கள், இவர் சக்கரம் வாங்கினார். லயத்து வரிசை வீடுகளில் பாதி காலி. ஜன்னல் பலகைகூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாயந்திரமானால் காலி வீடுகளுக்குள் நாய் நடக்கும் சத்தம் கேட்கிறது.

திட்டம் இதுதான். பயிற்சி முடிந்து நீ நடக்கும் அணிவகுப்பு நாளுக்கு மூன்று பேரும் வண்டிவீட்டில் வடக்கே வருகிறோம். பகல் வெயில் அம்மாவுக்குத் தலைவலி கொடுக்கும், ஏர்கோனும் வேலை செய்யாது. அதனால் சாயந்திரம் கிளம்பி ராத்திரி முழுக்க ஓட்டி, விடியும்போது உன் முகாம் வாசலில் நிற்கிறோம். அம்மா உள்ளேயே நண்டுக் குழம்பு வைப்பார். நீ சீருடையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதை அப்பா போட்டோ எடுக்க வேண்டும். இதற்காகவே வாங்கினேன் என்று என்னிடம் சொன்னார். உன்னிடம் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். இந்த வண்டி தெமியாங்கில் ஒரு ரிட்டையரான மனுசனுடையது. அவர் போர்ட் டிக்சன் கடற்கரையில் இதே கட்டிலில் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. மகன் விற்றுவிட்டான். அப்பாவுக்கு இது முதலிலேயே தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு மயிலம்மாள் அத்தைக்குத் தெரிந்தது, பிறகு அம்மாவுக்கும் தெரிந்தது, பிறகு லுக்குட் வரைக்கும் தெரிந்தது.

உன் தம்பிக்குக் கை அரித்தது, அக்கா. இப்படிப்பட்ட வாய்ப்பைக் கடவுள் ஒருத்தனுக்கு ஒருமுறைதான் கொடுப்பார். விளக்கு வைக்கும் நேரம். அம்மா வண்டிக்குள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வெளியே தரையில் படுத்து, விளக்குமாற்றுக் கட்டையால் கட்டிலுக்கு நேர் கீழே மூன்று தட்டு. டொக். டொக். டொக். அவ்வளவுதான். அம்மா கரண்டியோடு வெளியே வந்த வேகத்தைப் பார்த்திருந்தால் உன் அதிகாரி அவரையும் போலீஸில் சேர்த்திருப்பார். அடுத்த நாளும் தட்டினேன். அதற்கடுத்த நாள் அப்பாவுக்கும் கேட்கும்படி தட்டினேன். கலைஞனுக்கு ஒரே ரசிகர் போதுமா?

விளைவு, அம்மா முருகையா மாமாவைக் கூட்டிவந்தார். அதுதான், நம் முனியாண்டி கோயில் பூசாரி. அவர் வண்டியைச் சுற்றி வந்து, கண்ணை மூடி, ஆள் இன்னும் இறங்கவில்லை என்று சொன்னார். நான் அப்போது பக்கத்தில் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். செப்புத் தகடு ஒன்றில் கட்டம் கீறி, விபூதி வைத்து, எண்ணெயில் நனைத்த மஞ்சள் துணியில் சுற்றி, இதை வண்டியோட இரும்பு எலும்பில் இறுக்கிக் கட்டணும், கட்டினதை யாரும் அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் அவிழ்த்தவன் வீட்டில் ஒரு உயிர் என்று அப்பாவிடம் கொடுத்தார். அப்பா எஞ்சினுக்குப் பக்கத்தில் பெரிய போல்ட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதில் ஏற்கெனவே ஒரு தட்டையான வயர் மாட்டியிருந்தது. அதைத் தூக்கி, அடியில் தகட்டை வைத்து, முறுக்கிவிட்டார். டார்ச் பிடித்தது நான்தான். சிரிப்பை அடக்கியதில் டார்ச் ஆடியது. பார், வெளிச்சம் நடுங்குது என்று அம்மா சொன்னார்.

உன் அணிவகுப்பன்று சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் சிரிப்போம். அதுவரை வாயைத் திறக்காதே.

கொப்புளத்துக்கு அம்மா மஞ்சள் வைக்கச் சொல்கிறார். ஷூவைக் கழற்றிவிட்டு வை.

இப்படிக்கு,
பேய்க்குப் பேட்டி கொடுக்கும்
உன் தம்பி சசி.


மூன்றாம் பிரிவு லயம்.
புதன்கிழமை.

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். பத்து நாளாக மழை விடாமல் பெய்கிறது.

இந்த முறை அறிவிப்பு எதுவும் இல்லை. வண்டிவீட்டில் சார்ஜ் ஏறவில்லை. நீ போலீஸானதும் யார்மேல் வேண்டுமானாலும் சார்ஜ் போடலாம், இங்கே ஒரு பேட்டரியின்மேல் போட முடியவில்லை.

முதலில் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. காலையில் சாவி திருகினால் எஞ்சின் முனகியது, கிழவன் கட்டிலிலிருந்து எழுவது மாதிரி. ஓட ஆரம்பித்த பிறகும் உள்ளே விளக்கு மங்கல்தான். எஞ்சின் ஓடும்போது விளக்கு கொஞ்சம் பளிச்சென்று ஆக வேண்டும், அக்கா. ஆல்டர்னேட்டர் என்று ஒன்று இருக்கிறது. எஞ்சினோடு பெல்ட் போட்டுச் சுற்றும், ஓட ஓட மின்சாரம் செய்து பேட்டரியை நிரப்பும். நம் வண்டியில் ஓட ஓட பேட்டரி வற்றியது.

அப்பா லுக்குட்டில் முகுந்தன் அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். உனக்குத் தெரியும், நீ ஸ்கூலுக்கு ஓட்டிய மோட்டார் சைக்கிளைப் பழுது பார்த்த போமன். பெல்ட் மாற்றினார். சரியில்லை. பேட்டரி மாற்றினார். சரியில்லை. ஆல்டர்னேட்டரைக் கழற்றி மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தார், குதிரை மாதிரி ஓடியது. திரும்ப மாட்டினால் கழுதை. பழைய சாமான் கடையிலிருந்து வேறொன்று வாங்கி மாட்டினார், அதுவும் வண்டிக்குள் வந்ததும் கழுதை. கடைசியில் எர்த் வயர் எங்கே என்று குனிந்து தேடியவர், மஞ்சள் துணியைப் பார்த்துவிட்டு சிலிப்பரைக் கழற்றினார். அப்படியே கும்பிட்டார். எஞ்சினைக் கும்பிட்ட போமனை நான் முதல்முறை பார்க்கிறேன். சாமான் எல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணே, இதுக்கு மேல என் வேலை இல்லலா என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

யோசித்துப் பார். பெல்ட் புதிது, பேட்டரி புதிது, ஆல்டர்னேட்டர் இரண்டு மாட்டிப் பார்த்தாச்சு, எல்லாம் நல்லது, ஆனால் சார்ஜ் இல்லை. அப்புறம் என்ன மிச்சம்? மயிலம்மாள் அத்தைக்கு விடை தெரிந்துவிட்டது. செத்தவர் குடிக்கிறார் என்றார்.

நான் சிரித்தேன். அன்று சாயந்திரம் வரைக்கும் சிரித்தேன்.

லுக்குட்டிலிருந்து திரும்பும்போது நல்ல மழை. முன்விளக்கு, வைப்பர், கண்ணாடிப் பனிக்கு ஃபேன், எல்லாம் போட்டிருந்தோம். செம்மண் ரோட்டுக்குத் திரும்பினதும் முன்விளக்கு வெள்ளையிலிருந்து மஞ்சளானது. பிறகு முட்டையின் கரு நிறம். வைப்பர் பாதிக் கண்ணாடியில் களைத்து நின்று, யோசித்து, திரும்பியது. அப்பா ஸ்டியரிங்மேல் குனிந்து ரோட்டைத் தேடினார். அம்மா பின்னால் கந்த சஷ்டி சொல்ல ஆரம்பித்தார். குளத்து வளைவில் எஞ்சின் அணைந்தது. ஒரு வெளிச்சமும் இல்லை, ஹார்ன் அடித்தால் பூனை தும்மின மாதிரி ஒரு சத்தம். பின்னால் செம்பனைக் குலை ஏற்றின லாரி. எங்களை அவன் பார்க்கவே இல்லை, அக்கா. எங்கள் பின்பக்கத்தில் வெளிச்சமே கிடையாதே. கடைசியில் பார்த்தான், பார்த்து ஒடித்தான். லாரியின் பின்சக்கரம் ரோட்டோரக் காட்டுக்கானில், அந்த வாய்க்காலில், இறங்கி, குலைகள் எங்கள் கூரைமேல் விழுந்தன. டொக். டொக். டொக். மூன்று இல்லை, நிறைய. ஆனால் முதல் மூன்றுக்கே அம்மா என் கையை நகத்தால் பிடித்துவிட்டார். நகத்தடம் இன்னும் இருக்கிறது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை அம்மா உன்னிடம் சொல்லப்போவதில்லை, அதனால் தெரியாத மாதிரி இரு.

அன்றிலிருந்து நான் வேலையில் இறங்கிவிட்டேன். பள்ளி ஆய்வுக்கூடத்திலிருந்து வோல்ட் மீட்டர் வாங்கிவந்தேன். (கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினேன், போலீஸ் பார்வை பார்க்காதே.) எஞ்சினை ஓடவிட்டு ஆல்டர்னேட்டரிலேயே வைத்துப் பார்த்தேன், பதினான்கு வோல்ட். அழகு. பேட்டரியில் வைத்தேன், பன்னிரண்டுக்குக் கொஞ்சம் மேலே, அதுவும் இறங்கிக்கொண்டிருக்கிறது. நடுவழியில் இரண்டு வோல்ட் காணவில்லை. காணாமல் போனவரைத் தேடுவது உன் துறை. ஆனாலும் நானே தேடினேன்.

மின்சாரம் போக ஒரு வழி போதாது, திரும்பி வரவும் ஒரு வழி வேண்டும். வண்டியில் அந்தத் திரும்பு வழி இரும்பு உடம்புதான். எஞ்சினிலிருந்து உடம்புக்கு ஒரு தட்டையான வயர், அதுதான் பாலம். எந்த வயர் என்று சொல்ல வேண்டுமா? எந்த போல்ட்டில் அப்பா தகட்டை வைத்து முறுக்கினார், அந்த வயர். வெறும் செம்பை வைத்திருந்தால்கூட மின்சாரம் கும்பிட்டுவிட்டுத் தாண்டிப் போயிருக்கும். எண்ணெய்த் துணி சுற்றி வைத்துவிட்டார்கள். பாலத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டது தகடு.

ஆக, பேயை உண்டாக்கினது நான். பேய்க்காகத் தகடு வந்தது. தகட்டால் விளக்கு செத்தது. விளக்கு செத்ததால் பேய் உண்மையானது. இதைவிட நேர்த்தியான குறும்பு இந்த நெகிரி செம்பிலானில் எவனும் செய்ததில்லை. நானே செய்யவில்லை, தானே நடந்துவிட்டது.

கவலைப்படாதே. பிரச்சினை தெரிந்துவிட்டது. ஒரு ஸ்பேனர், ஒரு நிமிடம். நாளைக்கே முடித்துவிட்டு, வெள்ளை வெளிச்சத்தோடு உன் வாசலுக்கு வருகிறோம். இந்தப் பிரிவில் பயம் என்ற சாமானே இல்லாத ஒரே ஆண்மகன் உன் தம்பி. எட்டு முடி சும்மாவா?

உன் காலைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
போமன் சசிதரன்
(விளக்குமாற்றுத் துறை).


மூன்றாம் பிரிவு லயம்.
திங்கட்கிழமை.

அன்புள்ள அக்காவுக்கு,

இதை உடனே, முழுவதும் படி. லுக்குட்டில் விரைவுத் தபாலில் போடுகிறேன், புதனுக்குள் கிடைக்கும் என்றார்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கோயிலில் பூசை முடிந்ததும் இவர்கள் கிளம்புகிறார்கள்.

நேற்று நீ போன் செய்தபோது பின்னால் நான் தகடு, தகடு என்று கத்தியது கேட்டதா? அதற்குள் அம்மா என் வாயை மூடிவிட்டார். நல்ல நாளும் அதுவுமா அவளைப் பயமுறுத்தாதே என்றார். பிறகு நீ, யாரு கத்துறது, சசியா, என்ன குறும்பு பண்றான் என்று கேட்டுச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அப்பா சனிக்கிழமை வண்டியை ஸ்டார்ட் பண்ண நிறைய நேரம் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார். எரிந்த வாசனை வந்தது. சுடுகாட்டு வாசனை என்று அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். அது பிளாஸ்டிக் உருகும் வாசனை. திரும்பு வழி அடைத்துப்போனால் மின்சாரம் சும்மா இருக்காது, வேறு எந்தக் கம்பி கிடைத்தாலும் அதில் ஓடும். ஆக்சிலேட்டர் பெடலிலிருந்து எஞ்சினுக்குப் போகிற கம்பியில் ஓடியிருக்கிறது. நான் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல். அந்தக் கம்பி வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் உறை உருகிவிட்டது, இனி கம்பி அதில் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் வண்டி கிளம்பியது. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம் வரைக்கும் போனோம். அங்கே அப்பா பெடலிலிருந்து காலை எடுத்தார். எஞ்சின் குறையவில்லை. காலை எடுத்துவிட்டார், அக்கா, நான் பின்னாலிருந்து பார்த்தேன், அவர் கால் தரையில் இருந்தது. பெடல் மட்டும் கீழேயே இருந்தது. பிரேக்கை மிதித்து, கியரை எடுத்து, அப்பா சம்பளம் வாங்கிய பழைய கிராணி ஆபீஸ் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினார். எஞ்சின் கத்திக்கொண்டே இருந்தது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. யாரோ என் பக்கத்துல உட்கார்ந்து மிதிக்கிறாங்க என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த அப்பாவின் குரல் இல்லை.

அங்கேயே உண்மையைச் சொன்னேன். மூன்று தட்டும் நான், விளக்குமாறு, எல்லாம். அழுதுகொண்டே சொன்னேன்.

அம்மா நம்பவில்லை. கோபப்பட்டால்கூடப் பரவாயில்லை. என் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, இது என் பிள்ளை பேச்சு இல்லை, தகட்டை எடுக்கச் சொல்றது அது, இவன் வாயில வந்து கேக்குது என்று என் வாயில் விபூதியைப் போட்டார். முருகையா மாமா வந்து என் நெற்றியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பேர் சொல்லு என்றார். சசிதரன் என்றேன். உண்மையான பேர் சொல்லு என்றார். ஐ.சி. கார்டைக் காட்டட்டுமா மாமா, பேர் அதுல இருக்கு என்று கேட்டேன். அதுவும் என் வாய் இல்லையாம்.

அப்பாவிடம் மீட்டரைக் காட்டினேன். பார்த்தார். நம்பர் தெரியுதுடா, நம்பரைக் காட்டுறது நீ என்றார். தட்டினது நீயே என்று வைத்துக்கொள், பெடலை மிதித்தது யார், நீ பின்னால உட்கார்ந்திருந்தாய் என்றார். அவர் காபியில் நான் உப்புப் போட்டது, அவர் டிராக்டர் சீட்டில் ரப்பர் பாம்பு வைத்தது, முனியாண்டி கோயில் மணிக்குள் துணி திணித்தது எல்லாம் வரிசையாக அந்தப் பார்வையில் வந்து நின்றன. முகுந்தன் அண்ணனிடம் ஓடினேன். நீ சொல்றது சரியா இருக்கலாம்லா, ஆனா எனக்குச் சின்னப் பிள்ளை இருக்கு தம்பி என்றார். ஜம்பர் கேபிள் மட்டும் கொடுத்தார்.

அதை வைத்துக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். தகட்டைத் தொடவே வேண்டாம், பேட்டரியிலிருந்து எஞ்சினுக்குத் தனியாக ஒரு வழி போட்டால் போதும். அப்பா அம்மா முன்னால் கேபிளை மாட்டினேன். முன்விளக்கு குபீரென்று வெள்ளையானது. காலி லயம் முழுக்க வெளிச்சம், ஜன்னலில்லாத வீடெல்லாம் கண் திறந்த மாதிரி. நான் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தேன். அம்மா அலறிவிட்டார். தகட்டை மீறி உள்ளே வந்துடுச்சு என்று. அப்பா கேபிளைப் பிடுங்கி அன்றைக்கே முகுந்தன் அண்ணனிடம் கொடுத்துவிட்டார். பெடல் கம்பிக்கு எண்ணெய் விட்டிருக்கிறார்கள், எண்ணெய் விட்டால் இப்போதைக்கு வழுக்குகிறது. முருகையா மாமா வெள்ளிக்கிழமை இன்னொரு கட்டுப் போடுகிறாராம், அதோடு பயமில்லாமல் போகலாமாம். அணிவகுப்புக்குப் போகாமல் மட்டும் இருக்கமாட்டார்கள். பஸ்ஸில் போகலாம் என்றேன். மகள் போலீஸாகி நிற்கும்போது நான் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பதா என்று அப்பா கேட்டார்.

உன் முகாம் ஆபீஸுக்குப் போன் பண்ணினேன். வண்டியில் தகடு, அக்காவிடம் சொல்லணும் என்று என் மலாயில் சொன்னதும், எடுத்தவர் விளையாடாதே தம்பி என்று வைத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. நான் இருந்தாலும் வைத்திருப்பேன்.

ராத்திரி முழுக்க ஓட்டம், அக்கா. மலை ஏறி இறங்கும் நெடுஞ்சாலை. முன்னால் விளக்கு மங்கும், பின்னால் விளக்கே இருக்காது, பெடல் எப்போது ஒட்டிக்கொள்ளும் என்று தெரியாது. குளத்து வளைவில் வந்தது ஒரு லாரி. அங்கே எத்தனை லாரி?

உண்மை பேசிப் பழகுகிறேன், அதனால் சின்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். எட்டாவது முடி முடி இல்லை. நீ விட்டுப்போன மைப்பென்சில். ஏழாவதும்.

அடுத்தது. போன கடிதத்தில் ஸ்பேனர், ஒரு நிமிடம் என்று எழுதினேன். அந்த ஒரு நிமிடம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. இன்று உச்சி வெயிலில், அப்பாவும் அம்மாவும் கோயிலில் முருகையா மாமாவோடு இருந்தபோது போனேன். மூடிக் கிடக்கும் கிராணி ஆபீஸிலிருந்து ஒரு முழம் வயர் வெட்டி எடுத்துக்கொண்டேன். தகட்டைத் தொடத் தேவையே இல்லை, எஞ்சினிலிருந்து வண்டி உடம்பில் இருக்கும் இன்னொரு போல்ட்டுக்கு இந்த வயரைக் கட்டினால் போதும். வெயிலில் ஒரு காக்கைகூட இல்லை. எஞ்சின் மூடியைத் திறந்தேன், ஸ்பேனரை வைத்தேன்.

வண்டிக்குள்ளேயிருந்து தட்டியது. கட்டிலுக்கு நேர் கீழே, நான் தட்டும் அதே இடத்தில். டொக். டொக். டொக்.

தெரியும், அக்கா. தகரம் வெயிலில் விரிந்தால் சத்தம் போடும். எனக்கு எல்லாம் தெரியும். உள்ளே யாருமில்லை என்பதும் தெரியும், ஏனென்றால் அங்கே இருக்கும் ஒரே பேய் நான்தான், நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். ஆனால் தெரிந்துகொள்கிற தலை வேறு, ஓடுகிற கால் வேறு. ஸ்பேனரை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தேன். ஒரு சிலிப்பரும் அங்கேதான் கிடக்கிறது. இதை எழுதும்போதுகூட வண்டி இருக்கும் பக்கத்து ஜன்னலைச் சாத்தித்தான் வைத்திருக்கிறேன். நான் போமனும் இல்லை, பயமில்லாதவனும் இல்லை. அவிழ்த்தவன் வீட்டில் ஒரு உயிர் என்று மாமா சொன்னதைக் கேட்டு அன்றைக்கு பிஸ்கட் தின்றேன். இப்போது ராத்திரியெல்லாம் யாருடைய உயிர் என்று எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன். நம் வீட்டில் எண்ணுவதற்கு நிறைய பேர் இல்லை.

நான் சொன்னால் பேய் சொல்கிறது. நீ சொன்னால் போலீஸ் சொல்கிறது. அதிகாரியின் காலைப் பிடித்தாவது வியாழக்கிழமைக்குள் ஒரு போன் வாங்கிப் பேசு. தகடு, ஆல்டர்னேட்டர் எதுவும் பேசாதே, என் பேரையே எடுக்காதே. முகாமுக்குள் பெரிய வண்டி விடமாட்டார்கள், பஸ்ஸில் வாருங்கள் என்று மட்டும் சொல். பஸ் ஸ்டாப்புக்கு நானே சீருடையில் வந்து அழைத்துப்போகிறேன் என்று அப்பாவிடம் சொல். பொய்தான். போலீஸாவதற்கு முன் ஒரே ஒரு பொய், என் கணக்கில் எழுதிக்கொள். நண்டுக் குழம்பை நான் மடியில் வைத்துத் தூக்கி வருகிறேன், ஒரு சொட்டு சிந்தமாட்டேன்.

நீ பேச முடியாமல் போனால், நானும் இவர்களோடு ஏறிவிடுவேன். அப்பாவின் இருக்கைக்கு நேர் பின்னால் உட்காருவேன். சனிக்கிழமை விடியும்போது வாசலில் நின்று பார். தூரத்தில் வரும் விளக்கு வெள்ளையாக இருந்தால், வழியில் எங்கேயோ எனக்குத் தைரியம் வந்து அந்த வயரைக் கட்டிவிட்டேன் என்று அர்த்தம். மஞ்சளாக இருந்தால் கட்டவில்லை, ஆனாலும் வந்துவிட்டோம்.

அதற்கு மேல் எழுத வரவில்லை. பஸ்ஸில் வரச் சொல், அக்கா. முனியாண்டி உன் காலையும் எங்கள் சக்கரத்தையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
விளையாட்டில்லாமல்,
உன் தம்பி
சசிதரன்.